மதியம் இரண்டு மணிக்கு நடந்தது யார்?

போன வாரம் இந்த வீட்டை விட்டு நாம் வெளியே வந்தபோது, சாப்பாட்டு மேசையின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. இந்த வாரமும் அங்கேயேதான் கிடக்கிறது. ஆனால் இன்று வியாழக்கிழமை. அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய நாள்.

பெட்டியில் அதிசயம் ஒன்றுமில்லை. இடுப்பில் மாட்டிக்கொண்டால், ஒரு நாளில் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும். தினமும் ஆறாயிரம் அடி நடக்கச் சொல்லி, இரண்டு வாரத்துக்கு இரவலாகக் கொடுத்திருந்தார்கள்.

பஞ்சுவுக்கு ஏழாம் மாதம். போன மாதச் சோதனையில் இரத்தத்தில் சர்க்கரை அதிகம் என்று வந்தது. "ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நடந்து பாக்கறேன் டாக்டர்" என்று அவள்தான் வாய்விட்டுக் கேட்டு இந்த இரண்டு வாரத்தை வாங்கி வந்திருந்தாள்.

பஞ்சு என்பது அவள் பெயரல்ல. கல்யாணமான புதிதில் கணவன் வைத்தது. தொண்ணூற்றிரண்டு கிலோ எடையுள்ள பெண்ணை வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் கத்தரிக்கோலை எடுத்திருப்பாள். அவள் திரைச்சீலை தைப்பவள். கத்தரிக்கோல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

"நேத்து எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். எட்டு கட்டடங்களின் லிஃப்ட் அவன் பொறுப்பு. அவர்கள் குடியிருக்கும் கட்டடமும் அதில் ஒன்று. "எங்க வீட்டு லிஃப்ட் ஒரு நாள்கூட நின்னதில்ல" என்பதை அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான்.

"ஆறாயிரத்து நானூறு."

"அடேயப்பா! நான் எட்டு கட்டடம் ஏறி இறங்கறேன், எனக்கே அவ்வளவு வராது போல."

"நீங்கதான் எல்லா இடத்துலயும் லிஃப்ட்ல போறீங்களே."

"ஓட்டிப் பாத்தாத்தான் கோளாறு தெரியும் தாயே."

பஞ்சு சிரித்தாள். ஆனால் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்த எண்கள் அதில் இருந்தன. நூற்றிருபதைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த எண்கள் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தன. இரவு எண்களும் கிட்டத்தட்ட அடங்கிவிட்டன. மதியம் மட்டும் அடங்கவில்லை. நூற்றைம்பத்திரண்டு, நூற்றைம்பத்தெட்டு, நூற்று நாற்பத்தொன்பது, மறுபடி நூற்றைம்பத்திரண்டு.

"இவ்வளவு நடந்தும் மதியம் மட்டும் ஏன் இறங்க மாட்டேங்குது?" என்றாள்.

"டாக்டர்கிட்டக் கேளு. மனசுல போட்டுக் குழப்பிக்காத" என்றான் கணவன். "அம்மா, நீயும் கூடப் போறதானே?"

சமையலறையிலிருந்து பதில் வர ஒரு நொடி தாமதமாயிற்று.

"போறேன் போறேன்" என்றாள் மாமியார். "அந்தப் பெட்டியைக் கட்டாயம் எடுத்துட்டுப் போகணுமா? எண்ணைச் சொன்னாப் போதாதா?"

"கொண்டு வரச் சொல்லியிருக்காங்க அத்தை."

"அதுக்கில்ல. வழியில விழுந்து கிழுந்து போச்சுன்னா?"

அப்போது தொலைபேசி அடித்தது. திரைச்சீலைக் கடைக்காரர். ஒரு பெரிய மண்டபத்துக்கு இருபத்து நாலு திரை வேண்டுமாம். துணி தயாராக இருக்கிறதாம். ஒரே வாரத்தில் முடிக்க வேண்டுமாம்.

"உன் மடிப்பு மாதிரி யாருக்கும் விழாதும்மா. அதனாலதான் உன்கிட்ட முதல்ல கேக்கறேன்" என்றார் கடைக்காரர்.

மாமியார் கரண்டியோடு வெளியே வந்து, கரண்டியை இடமும் வலமும் ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் அண்ணே" என்று பஞ்சு போனை வைத்தாள்.

* * *

மருத்துவமனையின் இரண்டாம் தளத்தில் நீண்ட ஒரு வராந்தா. பத்துப் பத்து மீட்டருக்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். மூன்று கர்ப்பிணிகள் கோட்டுக்குக் கோடு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு ஒரு பெண், கித்தான் ஷூ போட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் பேசியபடி நடந்தாள். கர்ப்பிணிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறவள். அங்கே எல்லாரும் அவளை நடை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெரிய டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார்.

"தினமும் ஆறாயிரத்துக்கு மேல நடந்திருக்கீங்க. ரொம்ப நல்லது. ஆனா மதியச் சர்க்கரை அசையவே இல்லையேம்மா."

டாக்டர் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"சிலருக்கு நடை மட்டும் போதாது. அது உங்க தப்பு இல்ல. குழந்தை ஏற்கெனவே கொஞ்சம் பெருசா இருக்கு. இன்னும் பெருசானா பிரசவத்துல சிரமம். பிறந்த உடனே குழந்தைக்குச் சர்க்கரை சட்டுனு இறங்கிப் போகவும் வாய்ப்பு இருக்கு. அதனால நாளைக்கே ஊசி ஆரம்பிச்சிடலாம்."

பஞ்சு ஊசிக்குப் பயப்படுகிறவள் அல்ல. நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவள். அவள் பயம் வேறு.

பள்ளிக்கூடத்தில் ஓடச் சொன்னபோது, "நீ உட்காரு, உன்னால முடியாது" என்றார்கள். தலைவலி என்று போனாலும், "முதல்ல உடம்பைக் குறை" என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்றாம் மாதத்தில் ஒரு கரு தங்காமல் போனபோது, யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பார்க்க வந்தவர்களின் கண்கள் அவள் முகத்தில் நிற்காமல் கீழே இறங்கின. இந்த ஒரு தடவையாவது தன் உடம்பு தன் பேச்சைக் கேட்கிறதா என்று பார்க்கத்தான் அவள் நடந்தாள். இரண்டு வாரம் நடந்தாள். கேட்கவில்லை என்று நோட்டுப் புத்தகம் சொல்கிறது.

"சரிங்க டாக்டர்" என்றாள். குரல் சுருதி இறங்கி வந்தது.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்று வாசலில் நின்றிருந்த நடை டீச்சர் உள்ளே வந்தாள். "பெட்டியை ஒரு பார்வை பாத்துடறேன்."

பஞ்சுவின் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. மாமியார் எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

நடை டீச்சர் பெட்டியைக் கணினியில் இணைத்தாள். திரையில் வரிசையாகக் கோபுரங்கள் மாதிரிக் கோடுகள் எழும்பின. எந்த மணிக்கு எத்தனை அடி என்று ஒவ்வொரு நாளுக்கும் அது பிரித்துக் காட்டியது.

"காலையில சாப்பிட்டதும் நடக்கிறீங்க, சரி. மொட்டை மாடியா?"

"ஆமா டீச்சர். இருபது நிமிஷம்."

"ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்சம். அதுவும் சரி. இது என்ன, மதியம் ரெண்டு மணிக்கு மலை மாதிரி நிக்குது? தினமும் நாலாயிரம் அடி! இவ்வளவு நடந்தா மதியம்தானே முதல்ல இறங்கியிருக்கணும்?"

"மதியமா?" பஞ்சு திரையை உற்றுப் பார்த்தாள். "மதியம் ரெண்டு மணிக்கு நான் தூங்கிட்டு இருப்பேனே டீச்சர்."

"தூக்கத்துல நடக்கற வியாதி இருக்கா?"

"இல்லையே. படுத்தா இடுப்புல குத்துதுன்னு பெட்டியைக் கழட்டி மேசையில வச்சிட்டுத்தான் படுப்பேன். எழுந்து மாட்டிக்குவேன். எண்ணைப் பாக்கறது சாயங்காலம்தான். ஆறாயிரம் நெருங்கியிருக்கும். போதும்னு விட்டுடுவேன்."

நடை டீச்சர் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் பஞ்சுவைப் பார்த்தார். பஞ்சு மெதுவாகத் தலையைத் திருப்பிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

மாமியார் மடியிலிருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றாள்.

நடை டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"நான்தான் நடந்தேன். இவ தூங்கினதும் பெட்டியை எடுத்து என் இடுப்புல மாட்டிக்குவேன். செருப்பைக் கழட்டிட்டு, கூடத்துல இருந்து சமையல்கட்டு, சமையல்கட்டுல இருந்து கூடம். முதல் நாள் ஆயிரத்துலயே மூச்சு வாங்கிச்சு. அப்புறம் பழகிடுச்சு. இவ எழுந்திரிக்கறதுக்குள்ள திரும்ப மேசையில வச்சிடுவேன்."

"ஏம்மா?" என்றார் டாக்டர்.

"ஏழு மாசப் பிள்ளைத்தாச்சியை ஆறாயிரம் அடி நடக்கச் சொன்னா நான் என்ன செய்யறது?" மாமியாரின் குரல் உயர்ந்தது. பயத்தில்தான் உயர்ந்தது. "நான் அட்டைப்பெட்டி ஆலையில முப்பது வருஷம் வேலை பாத்தவ. ஒரு ஷிஃப்டுக்கு ஆளுக்கு எண்ணூறு பெட்டி மடிக்கணும். என் வயித்துல இவ புருஷன் இருந்தப்ப, என்கூட இருந்த எட்டு பொம்பளைங்க தினமும் ஆளுக்கு அம்பது பெட்டி மடிச்சு என் குவியல்ல போட்டாங்க. பாதி வேலை அவங்களே செஞ்சாங்க. யாருக்கு வயிறு வந்தாலும் அப்படித்தான். மேஸ்திரிக்கும் தெரியும், கண்டுக்க மாட்டாரு. எண்ணு சரியா இருந்தா சரி. நீங்க இவளுக்கு ஆறாயிரம்னு போட்டீங்க. நான் நாலாயிரத்தை என் பங்குக்கு எடுத்துக்கிட்டேன். பெட்டியை யார் மடிச்சாலும் பெட்டிதானே?"

நடை டீச்சர் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

பஞ்சு சிரிக்கவில்லை.

"ரெண்டு வாரமா," என்றாள், "என் உடம்புதான் சரியில்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் அத்தை."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் மாமியார் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கைப்பையின் வார் விரலிலிருந்து தானாக அவிழ்ந்து விழுந்தது.

நடை டீச்சர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மாமியாருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, பெட்டியை யார் மடிச்சாலும் பெட்டிதான். நடை அப்படி இல்ல. நாம சாப்பிடறது சர்க்கரையா மாறி ரத்தத்துல சுத்தும். கால் வேலை செஞ்சா, காலுல இருக்கற தசை அதை இழுத்து எரிச்சுக்கும். நீங்க நடந்தா உங்க ரத்தத்துல இருக்கறதை உங்க காலுதான் இழுக்கும். இவங்க ரத்தத்துல இருக்கறதை அது எப்படி இழுக்கும்?"

"அப்ப இவ இளைக்கணுமா?"

"அதுக்காக நடக்கச் சொல்லல. இப்ப இளைக்கவே வேண்டாம். தராசு முள்ளு அசையாமலே இருக்கலாம், சர்க்கரை இறங்கும். கனமான உடம்பு உள்ளவங்க நடந்தாலும் தசை அதே வேலையைத்தான் செய்யும்." பிறகு அவளுக்கு ஏதோ தோன்றியது. "உங்களுக்கும் சர்க்கரை உண்டா?"

"பத்து வருஷமா மாத்திரை."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ரெண்டு மாசத்துக்கு முந்தி. சாப்பிட்டு இருநூத்திப் பத்து."

"காலையில எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? எட்டரையா? இப்ப பத்தரை. விரலை நீட்டுங்க."

மாமியார் பஞ்சுவைப் பார்த்தபடியே விரலை நீட்டினாள். கருவி ஐந்து நொடி யோசித்துவிட்டு எண்ணைக் காட்டியது. நூற்று ஐம்பத்தாறு.

"மாத்திரையை மாத்தினீங்களா?"

"இல்ல."

"சாப்பாட்டைக் குறைச்சீங்களா?"

"நானா!" என்றாள் மாமியார், அவமானப்பட்டவளாக.

நடை டீச்சரால் இனி அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். "ஒரு தடவை பாத்ததை வச்சு ஒண்ணும் முடிவா சொல்ல முடியாது. ஆனா டாக்டர், மருந்து வேலை செய்யுது. ஆள்தான் மாறிப்போச்சு."

பஞ்சுவின் உதட்டோரம் இலேசாக அசைந்தது. அசைந்ததை மாமியார் பார்த்துவிட்டாள். அதற்கே அவளுக்கு மூச்சு வந்தது.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்.

"ஒரு வாரம். பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். மதியம் சாப்பிட்டதும் இருபது நிமிஷம் நீங்களே நடக்கணும். பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினா வேகத்தைக் குறைங்க. வயித்து வலி, ரத்தம், தலைசுத்தல் எது வந்தாலும் உடனே நிறுத்திட்டு இங்க வரணும். அடுத்த வியாழன் காலையில பத்து மணிக்குப் பாக்கறேன். இறங்கற வழியில இருந்தா சரி. இல்லேன்னா ஊசி. ஊசி தண்டனை இல்லம்மா. தேவைப்பட்டா போட்டுக்கறோம், அவ்வளவுதான்."

"புரியுது டாக்டர்" என்றாள் பஞ்சு. குரல் பழையபடி நிமிர்ந்திருந்தது. "எனக்குத் தெரியணும். அதுதான். எதுவா இருந்தாலும் என் எண்ணா இருக்கணும்."

* * *

பேருந்தில் வீடு திரும்பினார்கள். கட்டடத்தின் லிஃப்டில் ஏறி நான்காம் தளத்துக்குப் பொத்தானை அழுத்தியதும் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"திட்டணும்னா திட்டிடு. இப்படி வாயை மூடிக்கிட்டு வராத."

"பசிக்குது அத்தை. சாப்பிட்டுட்டுத் திட்டறேன்."

சாப்பிட்டார்கள். தட்டைக் கழுவி வைத்ததும், பதினைந்து நாள் பழக்கத்தில் பஞ்சுவின் கண்கள் சொருகின. மாமியாரும் அதே பழக்கத்தில் கட்டிலிலிருந்த தலையணையைத் தட்டிப் போட்டாள். போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருதிருவென்று நின்றாள்.

பஞ்சு பெட்டியை இடுப்பில் மாட்டினாள். கதவைத் திறந்தாள்.

"மொட்டை மாடியில வெயில். இங்க நடைபாதையிலயே நடக்கலாம். வாங்க."

"நானுமா?"

"உங்க காலு நல்லா இழுக்குதாமே."

நான்காம் தளத்து நடைபாதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முப்பத்தெட்டு அடி வைக்கும் நீளம். எட்டு கதவுகள். ஒரு முனையில் சன்னல், மறுமுனையில் லிஃப்ட். மாமியார் பஞ்சுவுக்குப் பின்னால், விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் விரித்தபடி வந்தாள். தலையணை இன்னும் கக்கத்தில் இருந்தது.

"பக்கத்துல வாங்க அத்தை. பின்னாடி வந்தா நான் என்னமோ திருடிட்டுப் போற மாதிரி இருக்கு."

மாமியார் பக்கத்தில் வந்தாள்.

"பேசு" என்றாள்.

"என்ன பேச?"

"எதையாவது பேசு. பேசிக்கிட்டே நடக்கணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல? மூச்சு வாங்குதா? காலு வலிக்குதா? தண்ணி வேணுமா? தலை சுத்துதா?"

"நீங்க கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லியே மூச்சு வாங்கிடும் போல."

மூன்றாம் கதவு திறந்தது. ஓய்வுபெற்ற டாக்சி டிரைவர் தலையை நீட்டினார். இரண்டு பெண்கள் வேர்க்க விறுவிறுக்க, ஒரு தலையணையோடு போவதைக் கண்டு அவர் கண் விரிந்தது.

"என்னாச்சு? லிஃப்ட் நின்னு போச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மாமியார் சொல்வதற்குள் அவர் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் யாரிடமோ போனில் உரக்கப் பேசுவது கேட்டது.

ஆறு தடவை போய் வந்ததும் பஞ்சுவின் நடை சீராகிவிட்டது. தையல் இயந்திரம் ஆரம்பத்தில் திக்கித் திக்கி ஓடி, பிறகு ஒரே ஓட்டமாக ஓடுவதைப் போல. வயிற்றுக்குள் குழந்தை ஒரு பக்கமாகப் புரண்டது.

"அசையுது" என்றாள்.

மாமியார் சட்டென்று நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. "உட்காரு. போதும். உட்காரு கண்ணு."

"அசைஞ்சா நல்லதுதான் அத்தை. நடங்க."

"போன தடவை..." என்று ஆரம்பித்த மாமியார் முடிக்கவில்லை.

அந்தப் பேச்சு இரண்டு வருடமாக இந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. பஞ்சு நடையை நிறுத்தவில்லை. கொஞ்சம் மெதுவாக்கினாள்.

"போன தடவை நான் நடக்கல அத்தை."

மாமியார் அவளைப் பார்த்தாள்.

"ஞாபகம் இருக்கா? ஒரு மாசம் நீங்க என்னைக் கட்டில்ல இருந்து இறங்கவே விடல. தண்ணிகூட கையில கொண்டு வந்து குடுத்தீங்க. அன்னைக்கும் நான் படுத்துத்தான் இருந்தேன். படுத்திருந்தும் போச்சு. யாரும் எதுவும் செஞ்சு அது போகல, யாரும் எதுவும் செஞ்சு அதை நிறுத்தியிருக்கவும் முடியாதுன்னு டாக்டர் நம்ம மூணு பேரையும் உக்கார வச்சுச் சொன்னாங்க. உங்களுக்குத்தான் காதுல ஏறல."

சன்னல் முனை வந்தது. திரும்பினார்கள். லிஃப்ட் முனை வந்தது. திரும்பினார்கள்.

"ஏறிச்சு" என்றாள் மாமியார். "நம்பத்தான் பயமா இருந்துச்சு. யார் மேலயும் தப்பில்லன்னா, அடுத்த தடவை எதைப் பாத்து ஜாக்கிரதையா இருக்கறது?"

பஞ்சு மாமியாரின் கக்கத்திலிருந்த தலையணையை உருவி, திறந்திருந்த தங்கள் வீட்டுக் கதவு வழியாக உள்ளே எறிந்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதையும் பாக்க வேண்டாம். என்கூட நடங்க. எனக்குப் பதிலா நடக்காதீங்க, அவ்வளவுதான்."

இருபது நிமிடம் முடிந்தபோது பெட்டியில் ஆயிரத்து எண்ணூறு கூடியிருந்தது. போன வாரத்து எண்களோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. பஞ்சு அதைத் துணி முனையால் துடைத்து மறுபடி பார்த்தாள்.

"திட்டவே இல்லையே நீ" என்றாள் மாமியார்.

"அட, மறந்துட்டேன்."

* * *

மூன்றரை மணிக்கு விரலில் குத்த வேண்டும். மூன்று இருபத்தெட்டுக்கே இருவரும் மேசையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

"முன்னாடியே குத்தினா என்ன?"

"ரெண்டு மணி நேரம்னா ரெண்டு மணி நேரம் அத்தை."

"ஆலையில சங்கு ஊதறதுக்குக்கூட நான் இப்படிக் காத்துக்கிட்டு இருந்ததில்ல."

மூன்றரை. குத்தினாள். சிவப்பாக ஒரு பொட்டு வந்தது. கருவி ஐந்து நொடி எடுத்துக்கொண்டது. அந்த ஐந்து நொடியில் கதவு படாரென்று திறந்தது.

லிஃப்ட் மெக்கானிக் உள்ளே விழாத குறையாக வந்தான். தோளில் கருவிப்பை, சட்டை முழுக்க வேர்வை. நான்கு மாடி படியேறி ஓடி வந்திருக்கிறான்.

"லிஃப்ட்... நின்னு போச்சாமே! மூணாம் வீட்டுக்காரர்... ரெண்டு பேரும் தலையணையோட வெளிய வந்து நின்னீங்கன்னு... போன் பண்ணினாரு!"

"நிக்கல" என்றாள் அம்மா.

"பின்ன? நான் படியேறியில்ல வந்தேன்?"

"ஏன்டா, பொத்தானை அழுத்திப் பாக்க வேண்டியதுதானே?"

எட்டு கட்டடத்து லிஃப்டைப் பார்க்கிறவன், சொந்தக் கட்டடத்து லிஃப்டை அழுத்திப் பார்க்காமல் படியேறியிருக்கிறான்.

"நூத்தி முப்பத்தொண்ணு" என்றாள் பஞ்சு.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நூத்தி அம்பத்திரண்டு இருந்தது. இப்ப நூத்தி முப்பத்தொண்ணு. ஒரே ஒரு நடைக்கு." அவள் கருவியைத் தூக்கிக் காட்டினாள். "நூத்தி இருபதுக்கு இன்னும் பதினொண்ணு இருக்கு. ஆனா இறங்கிச்சு. நான் நடந்தேன், இறங்கிச்சு."

நோட்டுப் புத்தகத்தில் மதிய வரிசையில் அந்த எண்ணை எழுதினாள். மேலேயிருந்த எண்கள் எதையும் அடிக்கவில்லை.

"நேத்து வரைக்கும் யார் நடந்தாங்களாம்?" என்றான் கணவன். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பார்க்கப் பார்க்கப் புரிந்தது. "அம்மா!"

"போடா" என்றாள் அம்மா. "எனக்கும்தான் அம்பத்து நாலு இறங்கியிருக்கு."

தொலைபேசி அடித்தது. கடைக்காரர். மாலைக்குள் சொல்கிறேன் என்று சொன்னது அப்போதுதான் பஞ்சுவுக்கு நினைவு வந்தது. இருபத்து நாலு திரை என்றால் நாளெல்லாம் இயந்திரத்தின் முன்னால் அசையாமல் உட்கார வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

மாமியார் போனை வாங்கிக்கொண்டாள்.

"துணியை அனுப்புங்க தம்பி. செஞ்சுடலாம்."

"அத்தை!"

மாமியார் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "இதுல பாதி நேரம் மடிப்புப் பிடிக்கத்தானே ஆகுது? முப்பது வருஷம் மடிச்ச கை இது. கோடு பிசகாம மடிச்சு குண்டூசி குத்தி நான் தரேன். தையலை மட்டும் நீ போடு. மணிக்கு ஒரு தடவை நான் சங்கு ஊதற மாதிரிக் கத்துவேன். எழுந்து நட." ஒரு கணம் நிறுத்தி, சந்தேகத்தோடு கேட்டாள். "இதுவாவது யார் செஞ்சாலும் ஒண்ணுதானே?"

பஞ்சுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து தேக்கி வைத்திருந்த சிரிப்பு.

"திரையை யார் மடிச்சாலும் திரைதான் அத்தை."

மாமியார் போனிலிருந்து கையை எடுத்தாள். "என்னைக்கு மாட்டணும்? வியாழக்கிழமையா? சரி. எத்தனை மணிக்கு? காலையில பத்தா? தச்ச ஆளே வந்து தொங்கவிட்டுச் சரி பாக்கணுமா? சரி சரி, வந்துடுவா." போனை வைத்துவிட்டு, பெரிய காரியம் சாதித்தவள் போல இருவரையும் பார்த்தாள்.

கணவன் மேசையின் மேலிருந்த மருத்துவமனைச் சீட்டை எடுத்துப் படித்தான். அடுத்த வியாழன், காலை பத்து மணி.

சீட்டை மெதுவாகத் திருப்பி அம்மாவின் பக்கம் நகர்த்தினான்.

மாமியார் படித்தாள். அவள் பார்வை சீட்டிலிருந்து மேசைக்குப் போனது. குத்தும்போது கழற்றி வைத்த கறுப்புப் பெட்டி அங்கே கிடந்தது. பழக்க தோஷம், கை தானாக அதை நோக்கி நீண்டது.

பஞ்சு அதற்கு முன் பெட்டியை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"மண்டபத்துக்கு யார் போறதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி வைங்க" என்றாள், வாசலில் செருப்பைத் தேடியபடி. "ஆஸ்பத்திரிக்கு நான்தான் போகணும்."